ஒரு காணொளியை எங்கே வெட்டுவது?

வடக்கு, கிழக்கு, மலையகம் என எங்கே ஒரு போராட்டமோ கூட்டமோ வெள்ளமோ நடந்தாலும் அதன் முதற்காட்சி இன்று பெரும்பாலும் தொலைக்காட்சிக் கமராவிலிருந்து வருவதில்லை. அங்கே நின்ற ஒருவரின் கைப்பேசியிலிருந்துதான் வருகிறது. எடுத்தவரே வீடு திரும்பும் பஸ்ஸில் இருந்தபடி இருபது நிமிடக் காட்சியை ஒரு நிமிடமாகச் சுருக்கி பேஸ்புக்கில் பதிவேற்றிவிடுகிறார். அதே ஒரு நிமிடத்தைத்தான் பின்னர் செய்தித்தளங்களும் பயன்படுத்துகின்றன. அந்த நிகழ்வைப் பற்றி நாட்டின் மறுபக்கத்தில் இருப்பவருக்குத் தெரியப்போவதும் அந்த ஒரு நிமிடம் மட்டும்தான்.

இந்தச் சுருக்கும் வேலையைச் செய்பவர்களில் பலருக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. இணையத்தில் எடிட்டிங் பாடங்களுக்குக் குறைவில்லை. ஆனால், அவற்றில் பெரும்பாலானவை எழுத்தைப் பறக்கவிடுவது எப்படி, ஒரு காட்சியை இன்னொன்றாகக் கரைப்பது எப்படி, எந்தப் பாட்டைப் பின்னணியில் போடலாம் என்றுதான் சொல்லித்தருகின்றன. எங்கே வெட்டுவது, எங்கே வெட்டக்கூடாது என்பது அவற்றில் அரிதாகவே வரும். நான் ஊடகக் கற்கைநெறியில் தொகுப்பைப் படித்தது பெரிய கணினிகளில். சுயாதீன ஊடகவியலாளராக வேலை செய்யத் தொடங்கிய பின்னர் தொகுத்தவற்றில் அதிகமானவை கைப்பேசியில் செய்தவை. செயலியின் பொத்தான்களை ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடலாம். ஒருவர் சொன்னதைச் சுருக்கும்போது அவர் சொன்னதை மாற்றாமல் இருப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். ஊர்ச் செய்தியாளர்கள், சங்கச் செயலாளர்கள், இளைஞர் கழகங்களின் பக்கங்களை நடத்துபவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சில செக்கன்கள் செய்யக்கூடியது

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகம் தாக்கப்பட்டது. உணவில் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்படுகிறது என்ற வதந்தியே காரணம். அங்கே பணியாற்றிய ஒருவர் அதை ஒப்புக்கொள்வதுபோலத் தோன்றும் சிறிய காணொளியொன்று பேஸ்புக்கில் வேகமாகப் பரவியது. அவருக்குச் சிங்களம் சரளமாகத் தெரியாது. ஆத்திரத்தோடு சுற்றி நின்ற கூட்டத்தின் நடுவில், கேள்வி சரியாக விளங்காமலே அவர் பதில் சொல்லியிருந்தார். காணொளியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பின்னணி எதுவும் தெரியவில்லை. உணவில் இருந்தது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் அறிவித்தது. அதற்குள் அந்தக் காணொளி நாடு முழுவதும் சுற்றிவிட்டது. சில நாட்களில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் தற்காலிகமாக முடக்கப்பட்டன.

அந்த வன்முறைக்கு ஒரு காணொளி மட்டும் காரணமல்ல. ஆயினும், முன்னும் பின்னும் இல்லாத சில செக்கன்கள் ஒரு மனிதருக்கும் ஒரு சமூகத்துக்கும் என்ன செய்யக்கூடும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள உதாரணம் நமக்கில்லை. எந்தச் செயலியைத் திறப்பதற்கு முன்பும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

மூலக்கோப்பைத் தொடாதீர்கள்

தொகுப்பின் முதல் வேலை பிரதி எடுப்பது. கைப்பேசியில் பதிவான கோப்பை அப்படியே ஒரு மடிக்கணினிக்கோ பென்டிரைவுக்கோ மாற்றிவிட்டு, பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். கைப்பேசியின் கலரிக்குள்ளேயே முன்னையும் பின்னையும் நறுக்கிச் சேமிப்பது வசதியாக இருக்கும். ஆனால், சில கைப்பேசிகளில் அது மூலக்கோப்பின் மேலேயே எழுதிவிடும். பிரதியாகச் சேமிக்கும் தெரிவு இருந்தால் எப்போதும் அதையே அழுத்துங்கள்.

இதன் முக்கியத்துவத்தைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படுவதைக் காட்டும் ஒரு காணொளியை 2009 ஆகஸ்ட் 25 அன்று பிரித்தானியாவின் செனல் 4 ஒளிபரப்பியது. அது போலியானது என்று இலங்கை அரசாங்கம் நிராகரித்தது. நீதிக்குப் புறம்பான கொலைகள் தொடர்பில் அப்போது ஐ.நா. விசேட அறிக்கையாளராக இருந்த பிலிப் அல்ஸ்டன், சட்ட மருத்துவம், காணொளிப் பகுப்பாய்வு, துப்பாக்கி ஆகிய துறைகளைச் சேர்ந்த மூன்று சுயாதீன நிபுணர்களிடம் அதை ஒப்படைத்தார். காணொளி உண்மையானது என்றே தோன்றுகிறது என்பதுதான் 2010 ஜனவரியில் அவர் வெளியிட்ட முடிவு. அதே வேளை, நிபுணர்களால் விளக்க முடியாத சில அம்சங்களையும் அவர் மறைக்காமல் பட்டியலிட்டார். அவற்றில் இரண்டு: காணொளியின் இறுதியில் இருந்த 17 பிரேம்களும் கோப்புக்குள் பதிவாகியிருந்த 2009 ஜூலை 17 என்ற திகதியும். காணொளி உண்மையானது என்ற முடிவோடு இவை முரண்படவில்லை என்றும் அவர் சொன்னார்.

பிரேம் என்பது ஒரு தனிப்படம். இன்றைய கைப்பேசிகள் வழமையாக ஒரு செக்கனுக்கு 30 பிரேம்களைப் பதிகின்றன. அந்தக் கணக்கில் 17 பிரேம்கள் அரைச் செக்கனைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒரு கொலைக்காட்சியின் நம்பகத்தன்மை பற்றிய சர்வதேச விவாதத்தில் அந்தச் சிறு துண்டும் ஒரு கேள்வியாக நின்றது. நீங்கள் எடுக்கும் காட்சியும் ஒருநாள் பொலிஸ் நிலையத்திலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவிலோ நீதிமன்றத்திலோ கேட்கப்படலாம். அன்று உங்களிடம் இருக்க வேண்டியது எழுத்தும் இசையும் சேர்த்த ஒரு நிமிடம் அல்ல. கைப்பேசி பதிந்த கோப்பு, பதிந்தபடியே இருக்க வேண்டும்.

இதற்கான நடைமுறை எளிது. பல கைப்பேசிகள் கோப்பின் பெயரிலேயே திகதியையும் நேரத்தையும் வைக்கின்றன. அந்தப் பெயரை மாற்ற வேண்டாம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் காணொளி சுருக்கப்பட்டு வேறொரு கோப்பாகிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போகும். மூலக்கோப்புகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருங்கள். கைப்பேசி தொலையலாம், பழுதாகலாம், பறிக்கவும்படலாம்.

ஒருமுறை வெட்டி ஒருமுறை ஏற்றுமதி செய்யுங்கள்

நான் வெட்டிய இடத்தில் வெட்டு விழவில்லை, ஒரு செக்கன் முன்னே பின்னே போய்விட்டது என்று புதியவர்கள் சொல்வதுண்டு. சில எளிய கருவிகளில் அப்படித்தான் நடக்கும். காரணம் கோப்பின் உள்ளமைப்பு. எச்.264, எச்.265 போன்ற சுருக்கும் முறைகள் எல்லாப் பிரேம்களையும் முழுப்படமாகச் சேமிப்பதில்லை. சிலவற்றை மட்டும் முழுமையாக வைத்துக்கொண்டு, இடையில் வருபவற்றுக்கு எது மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கின்றன. பேசுபவரின் பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. அதை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேமிக்கத் தேவையில்லை. அதனால்தான் ஒரு நிமிடக் காட்சி கைப்பேசிக்குள் அடங்குகிறது. கோப்பை மறுபடி சுருக்காமல் நறுக்கும் கருவிகளால் முழுப் பிரேம் இருக்கும் இடத்தில்தான் சுத்தமாக வெட்ட முடியும்.

தொகுப்புச் செயலிகள் வேறுவிதமானவை. அவை காட்சியை விரித்து, நீங்கள் சொன்ன இடத்திலேயே வெட்டி, இறுதியில் முழுவதையும் புதிதாகச் சுருக்கி ஏற்றுமதி செய்யும். ஒவ்வொரு முறை புதிதாகச் சுருக்கும்போதும் தரம் கொஞ்சம் குறையும். ஒரு செயலியில் நறுக்கி, இன்னொன்றில் எழுத்துப் போட்டு, மூன்றாவதில் இசை சேர்த்து, வட்ஸ்அப்பில் வாங்கிப் பதிவேற்றினால் முகங்கள் களிமண்போல ஆவது இதனால்தான். ஒரே செயலிக்குள் எல்லா வேலையையும் முடித்து, ஒருமுறை மட்டும் ஏற்றுமதி செய்யுங்கள்.

எந்தச் செயலி என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அடிப்படை வேலைக்கு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். கைப்பேசியில் கப்கட், இன்ஷொட், வி.என். போன்றவை இருக்கின்றன. கணினியில் கேடென்லைவ், ஷொட்கட் ஆகிய இரண்டும் இலவசமான திறந்த மூல மென்பொருள்கள். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு மிகுந்த வசதிகள் கொண்டது, ஆனால் வலுவான கணினி வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கணக்குத் திறந்து காட்சியை இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பச் சொல்லும் செயலிகள் உண்டு. பாதுகாக்கப்பட வேண்டியவர்களின் முகம் உள்ள காட்சிகளுக்கு, இணையத் தொடர்பே இல்லாமல் கணினியில் வேலை செய்யும் மென்பொருளே நல்லது.

முதலில் காதால் வெட்டுங்கள்

ஓர் உதாரணத்தோடு போவோம். நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பயன்படுத்தும் கற்பனை உதாரணம் இது. வடமராட்சியில் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம் ஒன்று. இழுவைமடிப் படகுகள் வலைகளை அறுப்பதைப் பற்றிப் பேச்சு. உங்களிடம் 22 நிமிடப் பதிவு இருக்கிறது. அதில் ஒரு தொழிலாளி இப்படிப் பேசுகிறார்:

“அந்தப் படகுகளைக் கடலிலயே எரிக்க வேணும் எண்டு எங்கட பெடியள் சொல்லுறாங்கள். நாங்கள்தான் மறிச்சு வச்சிருக்கிறம். எரிச்சால் நாளைக்கு மறியலுக்குப் போறது நாங்கள். 2017இல இழுவைமடியைத் தடை செய்து சட்டம் கொண்டு வந்தவை. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கோ எண்டுதான் கேக்கிறம்.”

இதில் அதிகம் பகிரப்படக்கூடியது முதல் வரி. ‘சொல்லுறாங்கள்’ என்பதற்குச் சற்று முன்னர் வெட்டினால் இன்னும் சூடாக இருக்கும். படகுகளை எரிக்க வேண்டும் என்று ஒரு மனிதர் கமராவைப் பார்த்துச் சொல்லும் ஆறு செக்கன் கிளிப் கிடைத்துவிடும். அவர் அந்தச் சொற்களைச் சொன்னது உண்மை. ஆனால் அவர் பேசியது எரிப்பதற்கு எதிராக. அந்த ஆறு செக்கனுக்குப் பிறகு விசாரணைக்கு அழைக்கப்படப் போவது நீங்கள் அல்ல, அவர். கடலின் மறுகரையில் அதைப் பார்க்கும் மீனவர் கோபப்படப் போவதும் அவர்மீதுதான்.

இதனால் நான் சொல்லும் முதல் பயிற்சி, திரையைத் தொடாமல் முழுப் பதிவையும் ஒருமுறை கேட்பது. ஒரு கொப்பியை எடுத்து, எந்த நிமிடத்தில் யார் என்ன பேசினார் என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ‘3.10: வலை நட்டம். 7.45: எரிப்பது பற்றி, சட்டம் பற்றி. 15.20: அதிகாரிகள் வரவில்லை’ என்ற அளவில் போதும். 22 நிமிடத்தைக் கேட்க 22 நிமிடம் போகும். ஆனால் டைம்லைனில் தேடியலையும் ஒரு மணித்தியாலம் மிச்சமாகும்.

அடுத்து, வெட்டும் அலகு எது என்பது. புதியவர்கள் வாக்கியத்தை அலகாக எடுப்பார்கள். நான் கருத்தை அலகாக எடுக்கச் சொல்வேன். மேலே உள்ள பேச்சில் ஐந்து வாக்கியங்கள், ஒரு கருத்து. அதை எடுத்தால் ஐந்தையும் எடுக்க வேண்டும். அவ்வளவு நீளம் முடியாது என்றால், கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் எடுக்கலாம், அவை தனித்து நின்றாலும் பொருள் மாறாது. முதல் வாக்கியம் தனித்து நின்றால் பொருள் மாறுகிறது. ஆகவே அதைத் தனியாக எடுக்க முடியாது. ‘ஆனால்’, ‘எண்டு சொல்லுறாங்கள்’, ‘எண்டால்’ போன்ற சொற்கள் வரும் இடங்களில் விரலை நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவரின் நிலைப்பாடு பெரும்பாலும் அந்தச் சொற்களுக்குப் பிறகுதான் வருகிறது.

வெட்டும் புள்ளியைப் பொறுத்தவரை, பேசத் தொடங்கும் முன் எடுக்கும் மூச்சையும் முடித்த பின் வரும் அமைதியையும் கொஞ்சம் விட்டுவையுங்கள். கால் செக்கன், அரைச் செக்கன் போதும். சொல்லின் வாலோடு ஒட்ட வெட்டினால் பேசியவரை யாரோ வாயைப் பொத்தியதுபோல இருக்கும்.

வெட்டியதை மறைப்பதும் காட்டுவதும்

டைம்லைன் என்பது இடமிருந்து வலமாக நேரம் ஓடும் பட்டை. காட்சியை அதில் வைத்து, தேவையான இடத்தில் பிரிப்பதற்கான பொத்தானை அழுத்தி, தேவையற்ற துண்டை நீக்குவதுதான் அடிப்படை வேலை. நீக்கியதும் பேசுபவரின் தலை சட்டென ஒரு பக்கம் தாவும். இந்தத் தாவலை மறைக்க அதன்மேல் வேறு காட்சியொன்றை வைப்பார்கள். வலை தைக்கும் கைகள், கரையில் நிற்கும் படகுகள், மண்டபத்தின் முழுத்தோற்றம் போன்றவை. குரல் கீழே தொடர்ந்து ஓடும். இதற்காகவே எங்கே போனாலும் பேச்சைத் தவிர ஐந்து காட்சிகளாவது, ஒவ்வொன்றையும் கை அசையாமல் பத்துச் செக்கன் வீதம் எடுத்துவர வேண்டும்.

மேலே வைக்கும் காட்சிக்கும் பொருள் இருக்கிறது. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதைப் பரிசோதித்தார். ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை, ஒருமுறை சூப் கிண்ணத்துக்கு அருகிலும் இன்னொருமுறை சவப்பெட்டிக்கு அருகிலும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும் இரண்டாவதில் துக்கத்தையும் கண்டார்கள். முகம் மாறவில்லை, அருகிலிருந்த காட்சிதான் மாறியது. கூட்டத்தில் தேநீர் கொடுக்கும்போது சிரித்த அதிகாரியின் முகத்தை, ஒரு தாய் காணாமலாக்கப்பட்ட தன் பிள்ளையைப் பற்றிப் பேசும் இடத்துக்குப் பின்னால் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டும் உண்மையான காட்சிகள்தான். சேர்ந்து நிற்கும்போது அவை சொல்வது பொய். ஒரு முகத்தின் எதிர்வினையைக் காட்டுவதாக இருந்தால், அது அந்தப் பேச்சின்போதே வந்த எதிர்வினையாக இருக்க வேண்டும்.

பேச்சின் இரண்டு பகுதிகளை இணைக்கும்போது வரிசையை மாற்றாதீர்கள். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குப் பின்னால் வைக்காதீர்கள். இடையில் நீளமாக நீக்கியிருந்தால், தாவலை மறைப்பதற்குப் பதிலாக அரைச் செக்கன் கறுப்பாக்கிக் காட்டுங்கள். இங்கே ஏதோ விடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பவர் அறிந்துகொள்வார். அது அழகைக் கொஞ்சம் குறைக்கும். செய்திக் காணொளியில் அந்தக் குறையை நான் விரும்பியே வைத்துக்கொள்கிறேன்.

ஒலியும் எழுத்தும்

ஆடும் படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். விளங்காத ஒலியைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். கடற்கரைக் காற்று கைப்பேசியின் ஒலிவாங்கியில் அறைந்தால் பின்னர் எந்தச் செயலியாலும் அதை முழுமையாக மீட்க முடியாது. பேசுபவரை ஒரு சுவரின் மறைவுக்கு அழைத்து, கைப்பேசியை ஒரு கை தூரத்துக்குள் பிடிப்பதே மலிவான தீர்வு. தொகுக்கும்போது ஒலியளவு காட்டும் பட்டையின் உச்சம் பூச்சிய டெசிபலைத் தொடாமல், கழித்தல் 6 அளவில் நிற்கட்டும். பேச்சு இல்லாத சூழலின் ஒலியை முப்பது செக்கன் தனியாகப் பதிந்து வந்தால், வெட்டுகளுக்கிடையில் வரும் வெற்றிடங்களை அதைக்கொண்டு நிரப்பலாம்.

பின்னணி இசையை, குறிப்பாகச் சோக இசையை, தவிர்க்கச் சொல்வேன். தன் நிலத்தைக் கேட்டுப் பேசும் அம்மாவுக்கு வயலின் தேவையில்லை. சினிமாப் பாடலைப் போட்டால் பதிப்புரிமை காரணமாக யூரியூப்போ பேஸ்புக்கோ ஒலியை முடக்கலாம், காணொளியையே நீக்கவும் செய்யலாம்.

பஸ்ஸில் ஒலியில்லாமல் பார்ப்பவர்களுக்காக எழுத்து வேண்டும். பேசியவரின் பேச்சுவழக்கை அப்படியே எழுதுங்கள். மட்டக்களப்புப் பேச்சையும் மலையகப் பேச்சையும் எழுத்துத் தமிழுக்குத் திருத்தினால் அது அவருடைய பேச்சாக இருக்காது. ஒரு முறைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். நீங்கள் சத்தமாக வாசித்து முடிக்கும் நேரமாவது அது திரையில் நிற்கட்டும். சில மென்பொருள்களில் ‘கொ’, ‘தெ’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி விழும். ஏற்றுமதிக்கு முன் பெயர்களை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தானியங்கி எழுத்துருவாக்கம் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் அடிக்கடி பிழையாகவே எழுதும். சிங்களத்தில் துணைவரி போடுவது மிக நல்லது. ஆனால் அம்மொழி நன்கு தெரிந்த ஒருவர் அதைப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். அம்பாறையில் நடந்தது மொழி விளங்காததாலும்தான்.

திகதியையும் இடத்தையும் காட்சியின் மேலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் பழைய வெள்ளக் காட்சிகள் புதியவையாகச் சுற்றுகின்றன. காட்சியோடு ஒட்டிய திகதி அதைக் கொஞ்சமாவது தடுக்கும்.

யாருடைய முகம்?

போராட்டத்தில் நிற்கும் எல்லோரும் கமராவுக்கு முகம் கொடுக்கச் சம்மதித்தவர்கள் அல்லர். சிறுவர்கள், பாதிக்கப்பட்ட பெண்கள், தங்கள் பகுதியில் கண்காணிக்கப்படுவோர் ஆகியோரின் முகங்களை மறைக்க வேண்டும். இலேசான மங்கல் போதாது. அடர்த்தியான மறைப்பு வையுங்கள். தலை அசையும்போது மறைப்பு விலகுகிறதா என்று மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு செக்கன் விலகினாலும் அந்த இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள முடியும். முகத்தை மறைத்துவிட்டு மோட்டார் சைக்கிள் இலக்கத்தகட்டையும் பாடசாலைச் சீருடையையும் வீட்டு வாசலையும் காட்டினால் பயனில்லை. தேவைப்பட்டால் குரலையும் மாற்ற வேண்டும். கைப்பேசியில் இருப்பிடப் பதிவு திறந்திருந்தால் எடுத்த இடம் கோப்புக்குள் பதிவாகியிருக்கும். மூலக்கோப்பில் அது இருக்கட்டும். ஒருவரின் வீட்டில் எடுத்ததை மற்றவர்களுக்கு அனுப்பும்போது அது இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த ஆண்டு பெப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொய்யான கூற்றுகளை இணையத்தில் பரப்புவதைப் பல சந்தர்ப்பங்களில் அது குற்றமாக்குகிறது. கருத்துச் சுதந்திரத்துக்கு அது அச்சுறுத்தல் என்ற ஊடக அமைப்புகளின் விமர்சனத்தோடு நானும் உடன்படுகிறேன். அப்படியொரு சட்டம் இருக்கும் நாட்டில் முழுமையான மூலக்கோப்பும், பொருள் மாறாத வெட்டும், நிமிடக் குறிப்பெழுதிய அந்தக் கொப்பியும்தான் நம்மைப் போன்ற சிறிய ஊடகவியலாளர்களின் கையில் இருக்கும் பாதுகாப்பு.

ஏற்றுமதி

நிமிர்த்திய கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு 1080க்கு 1920, தொலைக்காட்சி போலக் கிடையாகப் பார்ப்பவர்களுக்கு 1920க்கு 1080. எடுக்கும்போதே ஒன்றைத் தீர்மானியுங்கள். எம்.பி.4 கோப்பு, எச்.264, செக்கனுக்கு 30 பிரேம் என்ற தெரிவு பொதுவாக எங்கும் ஓடும். கோப்பின் அளவை முன்னரே கணக்கிடலாம். செக்கனுக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் 60 செக்கனுக்கு 480 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 60 மெகாபைட். டேட்டா குறைவாக இருந்தால் 4 மெகாபிட்டாகக் குறைத்து 30 மெகாபைட்டில் முடிக்கலாம். பேசும் முகங்களுக்கு அது தாராளம்.

பதிவேற்றும் முன் இரண்டு முறை பாருங்கள். ஒருமுறை ஒலியில்லாமல், ஒருமுறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும். இரண்டிலும் நிகழ்வு ஒன்றுபோல விளங்குகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விளங்காவிட்டால் எங்கோ ஒரு வெட்டு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.

பழகுவதற்குப் போராட்டமும் பரபரப்பும் தேவையில்லை. வீட்டில் மூத்தவர் ஒருவரை ஐந்து நிமிடம் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசவிடுங்கள். இடப்பெயர்வு, பழைய சினிமாத் தியேட்டர், தோட்டத்தில் முதற்சம்பளம், எதுவானாலும் சரி. அதை ஒரு நிமிடமாகச் சுருக்கி அவரிடமே காட்டுங்கள். ‘நான் சொன்னது இதுதான்’ என்று அவர் சொன்னால் அந்தத் தொகுப்பு சரி. ‘நான் இதுக்குப் பிறகு ஒண்டு சொன்னனான், அது எங்க?’ என்று கேட்டால், டைம்லைனைத் திறந்து அந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.